கொத்தபல்லி பஸ் அன்று நின்றதா?

மகனுக்கு,

ஐந்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. எடுக்காதவனிடம் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். தெலுங்கு ஓடுகிற வேகத்தில் உனக்குத் தமிழ் ஓடாது, அம்மா சிலேட்டில் சொல்லிக்கொடுத்ததை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, கூட்டிப் படி. எனக்குக் கோபம் தமிழில்தான் வரும், இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ள முடியாது. மெதுவாகப் படித்தால் நாலு வார்த்தையாவது மண்டையில் ஏறும் என்கிற ஆசையும் இருக்கிறது.

நீ கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லாவண்யாவும் நானும் ஒரே வம்சம் இல்லன்னு நூத்துக்கு நூறு தெரியட்டும் நைனா. அது வரைக்கும் கல்யாணம் வேணாம்." சொன்னாய், வைத்துவிட்டாய். அன்று கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. இன்று பதின்மூன்று. நூற்றுக்கு நூறாம்! ஸ்ரீசிட்டியில் செய்கிற வேலைதான் உன்னை இப்படி ஆக்கிவிட்டது என்கிறாள் உன் அம்மா. நாள் முழுக்க ஏ.சி. மிஷின் பாகங்களைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நீ. பச்சை ஒட்டியது எதுவும் ரிப்பேருக்கு வருவதில்லையா என்று ஒருமுறை கேட்டேன், நினைவிருக்கிறதா? "அது வேற டிபார்ட்மெண்ட் நைனா" என்றாய். நான் அன்றே விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும்.

இந்தக் கூத்து முழுவதும் என்னால் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி வந்தது என்று என் வாயால் நீ முழுக்கக் கேட்டதில்லை, கேட்டுக்கொள். தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் இண்டிபேரு என்று ஒரு வீட்டுப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். ஒரே இண்டிபேரு என்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். நகரி, புத்தூர் பக்கம் காலங்காலமாகப் பயிர் வைத்துப் பிழைக்கிற நம் மாதிரித் தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிடையாது. அப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று போதும் நமக்கு. உன்னை டவுன் ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, குமாஸ்தா தலையைத் தூக்காமலே "இண்டிபேரு ஏமி?" என்றார். எங்களுக்கு இல்லை என்றேன். "இல்லாம எப்படி? கட்டத்தைக் காலியா விட முடியாது. ஏதாவது ஒண்ணு சொல்லு, பின்னால ஜனம் நிக்குது" என்று தெலுங்கில் எரிந்து விழுந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. பலகையில் கொத்தபல்லி என்று போட்டிருந்தது. "கொத்தபல்லி" என்றேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று முதல் நீ கொத்தபல்லி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லை என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் அவர் என் பெயரையே போட்டு முடித்திருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் கணீர் கணீரென்று இண்டிபேரு சொன்னார்கள். நீ மட்டும் வகுப்பில் 'அரவவாடு', அதாவது தமிழ்க்காரப் பயல், என்று தனியாகத் தெரிய வேண்டாம் என்று பட்டது. அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன் நான், எனக்கே என் பெயர் போதவில்லை என்று தோன்றிய நிமிஷம் அது. நீ கேட்டபோதெல்லாம் "குமாஸ்தா போட்டுட்டாரு" என்று பழியை அவர்மேல் போட்டிருக்கிறேன். அவர் போடவில்லை, நான்தான் சொன்னேன்.

உனக்கும் லாவண்யாவுக்கும் ஒரே இண்டிபேரு என்கிற விஷயம் உங்கள் இருவருக்கும் திருப்பதியில் காலேஜில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்திருக்கிறது. கல்யாணமானால் ஆதார் கார்டில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம் என்று சிரித்திருக்கிறீர்கள். எங்களிடம் மூச்சு விடவில்லை. பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா கேட்ட முதல் கேள்வியே இண்டிபேருதான். தமிழாளுங்களுக்கு அது இல்லீங்க என்றேன், அவரும் விட்டுவிட்டார். மொழியைத் தாண்டினார்கள், ஜாதியைத் தாண்டினார்கள், உன் அம்மா வைத்த காரக்குழம்பைக்கூடத் தாண்டினார்கள். பத்திரிகை அடிக்க உன் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து அவள் தம்பி உன் பெயரை டைப் அடித்தான் பார், அங்கே வந்து எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை கொத்தபல்லி, பெண்ணும் கொத்தபல்லி.

திருப்பதியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய். அவள் பெரியப்பா எழுந்தார். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல அண்ணன் தம்பிக்குள்ள சண்டை. ஒருத்தர் கோவிச்சிக்கிட்டு அரவ தேசத்துப் பக்கம் போயிட்டாரு. திரும்பி வரவே இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போய், மலையைப் பார்த்துக் கையெடுத்து, "ஏழுமலையான் சாட்சியா சொல்றேன், அது பஸ் பலகையில பார்த்த பேரு. வம்சமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்று சத்தியம் செய்தேன். அவ்வளவு உறுதியாக நான் என் வாழ்நாளில் எதையும் சொன்னதில்லை. அவள் அப்பா என் கையைப் பிடித்து, "சாலு பாவகாரு, போதும்" என்றார். சம்பந்தி முறை வைத்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது. நீ அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டாய். நானும் உன் அம்மாவும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ரேணிகுண்டா தாண்டியது. உன் அம்மா திடீரென்று ஆரம்பித்தாள். "இன்னா மாமா, இப்டி சாமி மேல பொய் சத்தியம் பண்ணிட்ட?"

"இன்னா பொய்?"

"புள்ளைய ஸ்கூல்ல சேத்த அன்னிக்குக் காலைல நீ பழையது துன்னுக்கினு இருந்தப்ப உங்க நைனா சொன்னாரே. நம்ம மூத்தவங்க கொத்தபல்லிலேர்ந்து வந்தவங்கன்னு அவங்க தாத்தா சொல்லுவாராம். ஸ்கூல்ல பேரு கேட்டா அதையே எழுதுன்னாரே."

"அவர் சொல்லவே இல்ல."

"சொன்னாரு. உனுக்கு நேரமாவுதேன்னு அவசரம். தலைய ஆட்டிக்கினே துன்ன. காதுல வாங்குனியோ இல்லியோ, எனுக்குத் தெரியாது."

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஆனால் புத்தூர் வருவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, கேட்க முடியாது. அந்தப் பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். அதுவரை பளிச்சென்று தெரிந்த பஸ், நினைக்க நினைக்கப் பச்சையா சிவப்பா என்றே தெரியாமல் போனது. அப்பா சொன்னது காதில் விழுந்து, அதனால்தான் அந்தப் பலகை கண்ணில் பட்டதோ? பஸ்ஸே நிற்காமல், பின்னாளில் இந்தக் கதையைப் பத்துப் பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியே நான் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனோ?

மறுநாள் ஸ்கூலுக்குப் போனேன். பழைய ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினேன். அந்த ஹெட்மாஸ்டர் அம்மாள் நல்லவர், பீரோவைக் குடைந்து எடுத்துக் கொடுத்தார். இருந்தது. நீல மையில் கொத்தபல்லி என்று அழகாக இருந்தது. அதைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்வது? எழுதியவர் உயிரோடு இல்லை. வெளியே வந்து எதிரே டீக்கடைக்காரரைக் கேட்டேன். "அந்தக் காலத்துல காலைல பத்து மணிக்குக் கொத்தபல்லி பஸ்ஸு இங்க நிக்குமா?" நிக்கும், கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றார் அவர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "யோவ், அந்தப் பஸ்ஸு உட்டதே அப்புறம்தான்யா" என்றார். இருவரும் என்னை மறந்துவிட்டுச் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். "எந்தக் கொத்தபல்லி?" என்று மூன்றாவது ஒருவர் கேட்டார். அதுவும் சரிதான். இந்தச் சீமையில் எத்தனை கொத்தபல்லி இருக்கிறதோ, யார் எண்ணிப் பார்த்தது? டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குள் அவர்கள் வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உனக்கும் சொன்னார்கள். இப்படிப் பெயர் இடித்தால் பெண்ணை அவள் தாய்மாமனுக்குத் தத்துக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். மாமனும் மாமியும் மடியில் உட்காரவைத்து மகளாக ஏற்றுக்கொள்வார்கள், அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு மாமன் வீட்டு இண்டிபேரு. அந்தப் பெரியப்பாவே சரி என்றுவிட்டார். வருகிற வியாழக்கிழமை வெதுருகுப்பத்தில் அவள் மாமா வீட்டில் சடங்கு. நியாயமாக நீ துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நீ என்ன சொன்னாய்? "சடங்கு பண்ணா ரத்தம் மாறிடுமா நைனா?"

ரத்தமா? டேய், உன் அம்மா யார்? என் சொந்த அத்தை மகள். என் அப்பாவும் அவள் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அந்த ரத்தத்தில் பிறந்து, மூக்கும் முழியுமாக வளர்ந்து, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாய். அது உனக்கு உறுத்தவில்லை. எந்தக் காலத்திலோ கோபித்துக்கொண்டு போன ஒருவன், அவன் இந்தப் பக்கம்தான் வந்தானா, வழியிலேயே செத்தானா என்றுகூடத் தெரியாத ஒருவன், அவன் உறுத்துகிறான். "முறை வேற, தங்கச்சி வேற நைனா" என்கிறாய். தெரியும்டா, எனக்கும் முறை தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு லேபில் கேட்டாயே, அவர்கள் என்ன சொன்னார்கள்? இத்தனை தலைமுறை தள்ளிப் போனால் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். நீயேதான் சொன்னாய். பெரியப்பாவுக்குத் தெரியாது, லேபுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. இன்னும் யாரைக் கேட்கப் போகிறாய்?

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் நூற்றுக்கு நூறு கேட்கிற இந்த நோய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு மூன்று வயதில் ஜுரம் வந்து வலிப்பு கண்டு, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அந்தக் கதையில் நான் உன் கட்டிலைவிட்டு நகரவே இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது பொய். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு டாக்டர் பெண் காகிதத்தை நீட்டினாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உறுதியா சொல்லும்மா, போட்றேன்" என்றேன். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதுங்க. லேட் பண்ணாதீங்க" என்றாள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். வராந்தாவில் இருந்தவர்களைக் கேட்டேன். காண்டீன்காரரைக் கேட்டேன். பூத்துக்குப் போய் ஊருக்குப் போன் போட்டு மருந்துக் கடைக்காரரைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். உன் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "உள்ள இட்னு பூட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள். அப்போது அவளுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் மீதி எழுத்தையெல்லாம் பிறகு கற்றுக்கொண்டாள். அந்தப் பேனா அப்போதும் என் கையில் இருந்தது. யாரிடமோ வேறு பேனா வாங்கிப் போட்டிருக்கிறாள். அவளுக்கு மட்டும் என்ன, நீ பிழைப்பாய் என்று தெரியுமா? தெரியாது. இத்தனை வருஷத்தில் அதை ஒருநாள்கூட அவள் குத்திக்காட்டியதில்லை. நான் கட்டிலருகே இருந்ததாகக் கதை சொல்லும்போதெல்லாம் அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

அந்த வயதில் எனக்குப் புத்தி வரவில்லை. இவ்வளவுக்கும் நான் வேர்க்கடலை போடுகிறவன். மானத்தைப் பார்த்து விதைக்கிற பயிர். மழை வரும் என்று நிச்சயமாகத் தெரிந்து ஒரு வருஷமும் விதைத்ததில்லை. வராது என்று நினைத்த வருஷம் வந்திருக்கிறது, வரும் என்று நினைத்த வருஷம் காயவைத்திருக்கிறது. என் பிறந்த தேதியே வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டதுதான். எனக்கு அறுபத்து மூன்றா, அறுபத்தைந்தா என்று கேட்டால் நான் யாரைப் போய்க் கேட்பேன்? இவ்வளவு தெரியாமையோடு இவ்வளவு காலம் சோறு தின்று, பிள்ளை பெற்று, சண்டை போட்டு வாழ்ந்துவிட்டேன். இதையெல்லாம் நான் எந்தக் காலத்திலும் உன்னிடம் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்தவன் மாதிரியே உன் முன்னால் நடந்தேன். அப்பனுக்கு எல்லாம் தெரியும் என்று பார்த்து வளர்ந்தவன், தனக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று நிற்கிறாய். உன்மேல் வருகிற எரிச்சலில் பாதி என்மேல் வர வேண்டியது.

நேற்று மத்தியானம் லாவண்யா போன் செய்தாள். அவளுடையதையும் நீ எடுப்பதில்லையாமே. அழவில்லை. "மாமய்யா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த பஸ்ஸ நெஜமா பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றுதான் நாக்கு நுனி வரை வந்தது. உன் அம்மா எதிரே புளி ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "தெரியலம்மா" என்றேன். "பாத்த மாதிரிதான் இருக்குது. ஆனா சத்தியமா தெரியல. சத்தியம் பண்ணது தப்பு." கட் பண்ணிவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். பிறகு, "சரி மாமய்யா" என்றாள். "வியாழக்கிழமை நான் எங்க மாமா மடில உக்காரணும். அதுக்கப்புறம் எங்க நான்னா பேரு, அப்பா பேரு, எனக்கு இல்ல. நான்னா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ஆனா கொடுக்குறேன்னு சொல்லிட்டாரு." ஒரு பஸ் பலகைக்காக அந்த மனுஷன் பெற்ற மகளுக்குத் தன் பெயர் இல்லாமல் போவதற்குச் சம்மதித்திருக்கிறார். அந்தப் பஸ் நின்றதா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை நானும் உன் அம்மாவும் வெதுருகுப்பம் போகிறோம். அவள் பெரியப்பா முன்னால், அன்று செய்த சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன். அதைக் கேட்டு அவர்கள் எழுந்து போனாலும் போகலாம், உட்கார்ந்தாலும் உட்காரலாம். தெரியாது. காலை ஏழு மணிக்குப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். லீவு கிடைக்குமா, ஷிப்ட் மாறுமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதே.

நேற்று போனை வைக்கும் முன் லாவண்யா கேட்டாள், "அவரு வருவாரா மாமய்யா? உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"நிச்சயமா வருவான்மா" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா